ஆடு தின்றதா... புல் தின்றதா?

எங்கள் தெருமுனையில் ஒரு குழி இருக்கிறது. சரித்திரப் பிரசித்தி பெற்ற குழி. ஒவ்வொரு ஜூலை மாதமும் அதில் ஒரு மரக்கன்றை நடுவார்கள். கைதட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். எல்லோருக்கும் மிக்சர் கொடுப்பார்கள். ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளாடு வந்து, தனக்கு வரவேண்டிய மிக்சர் இதுதான் என்று நினைத்துக்கொண்டு கன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். அடுத்த ஜூலையில் அதே குழி, புதுக் கன்று, புது போட்டோ, பழைய ஆடு.

ஒரு வருஷம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சொந்தப் பணத்தில் இரும்புக் கூண்டு வாங்கி மாட்டினேன். ஆடு வந்தது, பார்த்தது, என்னை ஒரு முறை முறைத்தது, போய்விட்டது. வெற்றி!

இரண்டு மாதம் மழை. கூண்டுக்குள் ஒரே பச்சை. பெருமையோடு கிட்டே போய்ப் பார்த்தால்... அத்தனையும் கோரையும் பார்த்தீனியமும்! நடுவில் நம்ம கன்று விரல் தடிமனுக்குக் காய்ந்த குச்சியாக நின்றுகொண்டிருந்தது. ஆடு தொடவே இல்லை. ஆனாலும் செத்துப்போயிருந்தது.

நான் பி.காம். படித்தவன். நஷ்டம் வந்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. இது ஆட்டுக் கணக்கா, புல் கணக்கா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதும் என் தாய்மாமாவிடம் போனில் புலம்பினேன். "மாப்ளே, ஒரு குச்சி செத்ததுக்கா இந்த அழுகை? இங்க ஒரு மலையே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு நிக்குது. குரங்கணிக்கு வா, காட்டுறேன்" என்றார்.

ரயிலும் மலையும்

போடிக்கு ரயிலில் போவது ஒரு தலைமுறை மறந்துபோன சமாசாரம். மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதை போட்டு, சென்னையிலிருந்து நேராக போடிக்கே ரயில் வந்து சேர்ந்தது 2023 ஜூனில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே எதிரே மலை நிற்கிறது. காற்றில் ஏலக்காய் வாசம் இருக்கிறதா என்று மூக்கை உறிஞ்சினேன். பஸ் புகைதான் வந்தது.

அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் போல, கொட்டகுடி ஆற்றை ஒட்டியே சாலை. மாந்தோப்பு, இலவமரம், அப்புறம் காப்பி, மிளகு. குரங்கணி என்றால் குரங்குகள் அணியணியாக நின்ற ஊர் என்று பஸ்ஸில் ஒருவர் விளக்கம் கொடுத்தார். நான் பார்த்த வரையில் அணிவகுப்பு டீக்கடை வடைத்தட்டுக்கு முன்னால்தான் நடந்தது.

தலைக்கு மேலே கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையெல்லாம் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி கட்டி போடிக்கு வந்து, அப்புறம் கப்பலுக்குப் போனதாம். அங்கே மேலே ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் வாரிக்கொண்டு போனது. இந்த மலைக்கு அடிபட்டு எழுந்து பழக்கம் உண்டு.

ஆனால் நம்மில் பலருக்கு குரங்கணி என்ற பெயர் தெரிய வந்தது வேறு காரணத்தால்.

2018 மார்ச் 11. ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள். அன்றும் அடுத்து வந்த நாட்களில் ஆஸ்பத்திரிகளிலுமாக 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. எரிந்தது பெரும்பாலும் பெரிய மரமில்லை சார்... ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல். காற்று கூடச் சேர்ந்தால் அந்தப் புல் மனுஷன் ஓடுவதைவிட வேகமாக எரியும்.

அது நடந்த இடத்தருகே ஒரு பகுதிக்கு ஒத்தமரம் என்று பெயர். அந்தப் பெயரை எழுதும்போதே மனசு என்னவோ செய்கிறது.

உசிரு எங்கே இருக்கு?

டீக்கடையில் மாமா ஒரு பெரியவரை அறிமுகப்படுத்தினார். எழுபது வயது இருக்கும். மலைமாடு வைத்திருப்பவர். தேனிப் பக்கத்து மலைமாடு அதிகம் பால் கறக்காது. காட்டில் மேயும், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் சாணமும் கோமியமும் உரமாகும், கிடைக்கூலி வரும். அதுதான் வருமானம்.

என் கூண்டுக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "தம்பி, ஒண்ணு கேக்குறேன். தீப்பிடிச்சா எது முதல்ல வரும்?"

"மழை வந்ததும் எல்லாமே வரும்..."

"எல்லாம் வராது. புல்லு வரும். புல்லுக்கு உசிரு மண்ணுக்குள்ள. மரக்கன்னுக்கு உசிரு உச்சியில. பாத்துக்கிருங்க."

தாவரவியல் புரொபசர் ஒரு மணி நேரம் நடத்துவதை மனுஷர் ஒரு வடைக்குள் முடித்துவிட்டார். புல் வளரும் முனை தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. மேலே எரிந்தாலும், மாடு மேய்ந்தாலும் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். விதையிலிருந்து முளைத்த மரக்கன்றுக்கு வளரும் முனை உச்சியில். ஆடு ஒரு கடி கடித்தால் தலை போச்சு. வேங்கை, நெல்லி போன்ற சில மரங்களின் கன்றுகள் மட்டும் கெட்டி. மேலே கருகினாலும் வேரில் உயிர் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் தளிர்த்துப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பம். சம்பளம் வந்த அன்றே கடன்காரன் வாங்கிக்கொண்டு போனால் எப்படி வீடு கட்டுவது?

நெருப்பு அணைந்த மலை என்பது காலியான கடைத்தெரு மாதிரி. சாம்பலில் சத்து இருக்கிறது. தலைக்கு மேல் நிழல் இல்லை, வெயில் தாராளம். கடையை யார் முதலில் பிடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. புல் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கிறது, மண்ணுக்கடியில்! முதல் மழையிலேயே கிளம்பி மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, நிழலும் போட்டுவிடும். விதையிலிருந்து வரும் கன்று கண் திறக்கும்போது கடைக்கு வெளியே 'இடமில்லை' போர்டு.

மாட்டை விரட்டினால் சரியாகிவிடுமா?

'அப்படியானால் ஆடு மாட்டைக் காட்டுப் பக்கமே விடாதே' என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம். அங்கேதான் சிக்கல்.

டார்வின் என்றால் குரங்கிலிருந்து மனிதன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த மனுஷர் இந்த ஆடு-புல் பஞ்சாயத்தையும் அன்றே பார்த்திருக்கிறார். 1859ல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் சர்ரே என்ற பகுதியில் ஒரு பொட்டல் புதர்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லை. குனிந்து புதரை விலக்கிப் பார்த்தால் குட்டிக் குட்டி ஊசியிலை மரங்கள்! மாடு மேய்ந்து மேய்ந்து தலை எடுக்காமல் கிடந்தவை. ஒரு சதுர கஜத்தில் 32 கன்று எண்ணினார். அதில் ஒன்றின் தண்டில் வளையங்களை எண்ணினால்... 26! அதாவது 26 வருஷமாக, பக்கத்துப் புதரைத் தாண்டித் தலை தூக்கப் பார்த்து முடியாமல் கிடக்கிறது. (என் நண்பர் ஒருவர் ஆபீசில் இதே நிலைமையில் இருக்கிறார். பெயர் வேண்டாம்.) வேலி போட்ட பக்கத்து நிலத்திலோ அதே மரங்கள் தாமாகவே நெருக்கியடித்து வளர்ந்திருந்தன.

சரி, ஆடுமாடுதான் குற்றவாளி என்று கேஸை மூடுவதற்குள் அவரே இன்னொரு சாட்சியைக் கொண்டுவருகிறார். அடிக்கடி வெட்டிவிடப்பட்ட ஒரு புல்தரையில், மூன்றடிக்கு நாலடி இடத்தில், 20 வகைச் செடிகள் இருந்தன. வெட்டாமல் வளர விட்டதும் அதில் 9 வகை ஒழிந்தே போயின. வலுத்தவை உயர்ந்து இளைத்தவற்றை அமுக்கிவிட்டன. மேய்ச்சலும் அந்த வெட்டு மாதிரிதான். மேயும் வாய் வலுத்தவன் தலையையும் தட்டி வைக்கிறது.

இன்னொரு கணக்கு: மண்ணைக் கிளறிச் சுத்தம் செய்த மூன்றடிக்கு இரண்டடி நிலத்தில், தானாக முளைத்த களைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். முளைத்தது 357. அழிந்தது 295. நூற்றுக்கு 82க்கு மேல்! தின்றது பெரும்பாலும் நத்தையும் பூச்சியும். அந்த வயதில் சாவதுதான் வழக்கம், பிழைப்பதுதான் செய்தி.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய பாடம் ஒன்று உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் பூங்கா. 1982ல் அங்கே கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். கிராமத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அப்புறம் என்ன ஆயிற்று? எருமைகள் மேய்ந்த இடத்தில் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பரவி நீர்ப்பரப்பை மூடியது. மீனுக்கும் நீர்ப்பறவைக்கும் இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பல வருஷ ஆய்வே இதைச் சொன்னது. மாட்டை விரட்டினார்கள், மாட்டின் வேலையைச் செய்ய ஆள் போடவில்லை.

பெரியவரின் தீப்பெட்டி

மலையைப் பார்த்து நடந்துகொண்டே பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். அதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க" என்றார்.

இந்தச் சரிவுகளில் சுக்குநாறிப்புல் மாதிரி வாசனைப் புல் இனங்கள் உண்டு. இளசாக இருக்கும்போது மாடு தின்னும். முற்றிவிட்டால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். முற்றிய புல் காயும். காய்ந்ததைக் கொளுத்தினால் இரண்டு மழையில் இளம்புல் கிடைக்கும். 'கொளுத்து - மேய் - முற்ற விடு - கொளுத்து' என்று ஒரு சுற்று. இந்தச் சுற்றில் மாட்டுக்கு லாபம், புல்லுக்கு லாபம். மரக்கன்றுக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் முதல் போய்விடும்.

"சின்ன வயசுல நாங்களும் கொளுத்தியிருக்கோம் தம்பி. எங்கப்பாரு கொளுத்துனாரு, நானும் கொளுத்துனேன். தப்புன்னே தெரியல. அந்தப் பிள்ளைகளத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க பாருங்க... அதுக்கப்புறம் நான் மலையேறும்போது தீப்பெட்டி கொண்டு போறதில்ல. பீடியையும் விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவரே தொடர்ந்தார். "ஆனா இன்னொண்ணும் சொல்லணும். மாடு ஏறாத பக்கம் புல்லு அப்படியே நிக்கிது. புல்லு நின்னா தீயும் நிக்கிதுன்னு அர்த்தம். அத யாரு கேக்குறா?"

கேட்டார்கள், கோர்ட்டில். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டு வனங்கள் எதிலுமே கால்நடை மேயக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலைமாட்டுக்காரர்கள் அரண்டு போனார்கள். அதே மாதத்திலேயே, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும்தான் தடை என்று உத்தரவு திருத்தப்பட்டது. இன்னொரு பக்கம் 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டைச் சார்ந்து வாழும் மக்களின் மேய்ச்சல் உரிமையையும் அங்கீகரிக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் வழக்கே சூடாகிறது.

ஆட்டையும் மாட்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதும் தப்பு. மாடு முக்கியமாகப் புல் மேயும். போகிற போக்கில் கன்றை மிதிக்கும். வெள்ளாடு தழையையும் தளிரையும் தேடிப் பிடித்துக் கடிக்கும். முன்காலைத் தூக்கி வைத்து எட்டியும் பறிக்கும். பதிலுக்கு ஒரு சேவையும் உண்டு. கருவேல நெற்றைத் தின்று, விதையைப் பதப்படுத்தி, உரத்தோடு வேறு இடத்தில் போட்டுவிடும். (சீமைக்கருவேலம் ஊரெல்லாம் பரவியதும் இதே தபால் சேவையில்தான்!) காட்டிலே மான்கள் நெல்லிக்காயைத் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்பி விதைக்கின்றன. ஆக, தின்கிற வாயே நடுகிற கையும்.

யாரும் தின்னாத வில்லன்

இந்தப் பஞ்சாயத்தில் இருவர் சண்டைக்கு நடுவே லாபம் பார்க்கும் மூன்றாவது ஆசாமி உண்டு. உண்ணிச்செடி! சின்னச் சின்னக் கலர்ப் பூவோடு வேலியில் இருக்குமே, அதேதான். அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1800களின் ஆரம்பத்தில் அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இலையில் விஷம், மாடு தின்றால் ஈரல் கெடும். அதனால் மேயும் பிராணிகள் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தின்றுவிட்டு இதை மட்டும் மரியாதையாக விட்டுவிடும். பழத்தைப் பறவை தின்று பரப்பும். எரித்தாலும் வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து கிளம்பும். அடியில் இருட்டு, கன்று எழும்பாது. எதிர்க்கட்சிகள் அடித்துக்கொள்ள, சுயேச்சை ஜெயித்த கதை.

இதை ஒழிக்க நல்ல வழி, வேர்க்கட்டைக்குக் கீழே வெட்டிப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவது. நீலகிரி கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதன் தண்டை வைத்து நிஜ யானை அளவுக்கு யானை பொம்மைகளே செய்தார்கள். 2021ல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. நம் ஊரில் ஆடுகூட சீந்தாத செடி வெளிநாடு போய் வந்துவிட்டது. நான் இன்னும் பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை.

எல்லா முட்செடியும் வில்லனில்லை. சூரைமுள், காரை மாதிரிப் புதர்களின் நடுவே விழுந்த விதைக்கு அதிர்ஷ்டம். ஆட்டின் வாய் உள்ளே நுழையாது. போட்டிக்காரனே பாதுகாவலன். மாமியார் வீடு மாதிரி: குத்தும், ஆனால் வெளியாள் தொட விடாது.

பன்னிரண்டு வருஷ டெபாசிட்

அந்தத் தீ விபத்து நடந்த அதே 2018ல்தான், சில மாதம் கழித்து, மூணாறு, கொழுக்குமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது. மலையே நீலமாக இருந்ததாக மாமா சொன்னார். இந்தச் செடி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூத்து, விதை போட்டு, செத்துவிடும். அடுத்த தலைமுறை முழுக்க விதையில் முளைத்த குட்டிகள்தான். கணக்குக்காரன் பாஷையில், மொத்தச் சொத்தையும் ஒரே டெபாசிட்டில் போட்டுவிட்டுப் போகும் ஆசாமி. இப்போது அந்தக் குட்டிகள் 2030ஐ நோக்கி வளர்ந்துகொண்டிருக்கின்றன. தீயும் மிதியும் தாண்டி அதுவரை நிற்க வேண்டும். நாம் செல்போனைத் தூக்கிக்கொண்டு பூ பார்க்கப் போகிற அந்த ஒரு சீசனுக்குப் பின்னால் இத்தனை வருஷச் சத்தமில்லாத போராட்டம் இருக்கிறது.

மாமாவுக்கும் ஒரு குட்டு வைத்தேன். "உங்க ஏலத்தோட்டத்தில மட்டும் என்ன வாழுதாம்? ஏலத்துக்கு நிழல் வேணும்னு பெரிய மரத்தை விடுறீங்க. களையெடுக்கும்போது அதோட குட்டியைச் சேர்த்துப் பிடுங்கிடுறீங்க. கெழவன் காத்தில சாய்ஞ்சா வாரிசு எங்கே?" மாமா பதில் சொல்லாமல் இரண்டாவது டீ சொன்னார். இலங்கையில் நக்கிள்ஸ் மலைக்காட்டிலும் ஏலம் போட்ட இடங்களில் இதே கவலைதான் வந்தது. அரிவாளும் ஒரு மேய்ச்சல்தானே!

நாலு பாத்தி பரீட்சை

சரி, எந்தச் சரிவில் யார் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய செலவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்யலாம்.

ஒரே மாதிரி நிலத்தில் நாலு பாத்தி எடுங்கள். முதலாவதற்கு வேலியும் உண்டு, களையெடுப்பும் உண்டு. இரண்டாவதற்கு வேலி மட்டும். மூன்றாவதற்குக் களையெடுப்பு மட்டும். நாலாவதற்கு ஒன்றும் இல்லை, தலைவிதி. எல்லாவற்றிலும் முளைக்கும் மரக்கன்றை மாதம் ஒரு முறை எண்ணுங்கள். வேலி மட்டும் போட்டதில் கன்று பிழைத்தால் குற்றவாளி வாய். களை மட்டும் எடுத்ததில் பிழைத்தால் குற்றவாளி புல். முதல் பாத்தியில் மட்டும் பிழைத்தால் இருவரும் கூட்டுக் களவாணிகள். முதல் பாத்தியிலும் சாகிறது என்றால் மண், மழை, நாம் என்று வேறு ஆளைத் தேட வேண்டும். இதே பாத்திகளை இன்னும் இரண்டு இடத்திலாவது போட்டால் தீர்ப்பு உறுதி.

என் இரும்புக் கூண்டு இரண்டாவது பாத்தி! வேலி போட்டேன், களையெடுக்கவில்லை. ஆட்டை ஜெயித்துவிட்டுப் புல்லிடம் தோற்றேன்.

இரண்டையும் கவனித்தவர்கள் ஜெயித்ததற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1968ல் ஆரோவில் ஆரம்பித்தபோது அது அரித்துப்போன செம்மண் மேடு. ஆடுமாட்டுக்கு வேலி, மழைநீருக்கு வரப்பு. முதலில் வெயில் தாங்குகிற ஆஸ்திரேலிய வேல மரத்தை நட்டு நிழல் உண்டாக்கி, அதன் மடியில் நம் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். திருவண்ணாமலையில் 1980களின் கடைசியிலிருந்து மலையில் கன்று நடுகிறார்கள். அங்கே பெரிய எதிரி, வருஷா வருஷம் எரிகிற வாசனைப்புல். அதனால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் தீயணைக்க ஓடுவதும் நடுவதைவிடப் பெரிய வேலை.

குரங்கணிக்கும் இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. எரிந்த சரிவில் முதல் சில வருஷம் ஆடும் மாடும் வேண்டாம், கன்றைச் சுற்றிப் புல்லை மட்டும் அறுத்துவிடலாம். கன்று வாய்க்கு எட்டாத உயரம் போனதும் அளவோடு மாட்டை விட்டால், அது புல்லைத் தின்று தீக்குத் தீனி இல்லாமல் செய்யும். அதற்கு மாட்டுக்காரரையும் வனத்துறையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். ஆனால் மேலே இருக்கிற புல்வெளி முழுவதையும் மரமாக்க வேண்டும் என்று கிளம்பிவிடக்கூடாது. சோலையும் புல்வெளியும் கலந்ததுதான் அந்த உச்சி மலை. வரையாடும் குறிஞ்சியும் அந்தப் புல்வெளியை நம்பித்தான் இருக்கின்றன.

தீ விபத்துக்குப் பிறகு 2018லேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறைப்படி அறிவித்தார்கள். குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. போகிறவர்கள் மேலே மட்டும் பார்க்காமல் கொஞ்சம் குனிந்தும் பாருங்கள். புல்லுக்குள் ஏதாவது ஒரு இரண்டு இலை ஆசாமி நின்றுகொண்டிருப்பார்.

பஸ் ஏறும்போது பெரியவரிடம், "உங்களுக்கப்புறம் மாட்டை யார் பார்ப்பா?" என்று கேட்டேன்.

"பய திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். மாடு மேய்க்க வர மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன்" என்றவர், மலையைப் பார்த்தார். "ஆனா புல்லு வருஷா வருஷம் வரும் தம்பி. அதுக்கு யாராச்சும் வேணும்ல?"

ஊர் திரும்பியதும் குழியில் ஒரு புங்கங்கன்று நட்டேன். கூண்டும் போட்டேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டுப் புல்லைப் பிடுங்குகிறேன். பிடுங்கிய புல்லை வெளியே காத்திருக்கும் ஆட்டுக்குப் போடுகிறேன். இப்போது அது என்னை முறைப்பதில்லை. கன்று கூண்டை விட்டு வெளியே தலை நீட்ட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.